பனிக்கு நீலம் போட்ட கதை

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கை பட்டாசு வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒரு நாள் திரும்பி வரவில்லை. அவளுடைய இரண்டையும் என் மூன்றோடு சேர்த்துக்கொண்டேன். ஐந்து பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் போட்ட சோறு, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் அறையில் சம்பாதித்தது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பிரஸ்ஸுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என் அனுபவத்தைக் கேட்டு ஆள் அனுப்பினீர்கள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு வாசிக்க வரும். அதற்கு மேல் எழுத்து என் கைக்கு ஏறவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். மௌஸ் பிடிக்க எழுத்து எதற்கு? கண் வேண்டும், பொறுமை வேண்டும், கொஞ்சம் திமிரும் வேண்டும். மூன்றும் என்னிடம் இருந்தன. மூன்றாவது கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததாகச் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எனக்கு டச்சிங் வேலை. படத்தை ஃபிலிமாக எடுத்து, அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாகத் திருத்துவோம். காலண்டர் லட்சுமியின் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அதை எடுக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும். என் கண் பழகியது அப்படித்தான்: வெள்ளையில் எதைக் கண்டாலும் அது அழுக்கு.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் டச்சிங் செக்ஷனை மூடிவிட்டார்கள். கூட இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

"அந்தப் பெட்டிக்குள்ளயும் படந்தான வருது? அங்கன அழுக்கெடுக்க ஆளு வேண்டாமா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்த மனிதரால் மறுக்க முடியாதல்லவா, உள்ளே விட்டார்.

உள்ளே ஏற்கனவே ஒரு தம்பி இருந்தான். ஏழாயிரம்பண்ணைக்காரன். அம்மாவும் அப்பாவும் விடிந்தால் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள். இவன் மட்டும் மதுரைக்குப் போய் கிராபிக்ஸ் படித்துவிட்டு வந்திருந்தான். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை முதல் நாளே கண்டுபிடித்தவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யக்கா, அந்தப் பிரஷ் மாதிரி இருக்குல்ல, அதை அமுக்குங்க" என்று படத்தைச் சொல்லியே எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் பெரிய வேலைதான் இந்தப் பனி.

அது யாருக்காக என்று சொல்ல வேண்டும். விருதுநகரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர். அவர் கடைக் காலண்டரில் சாமி படம் கிடையாது, மனித உருவமும் கிடையாது. வருடா வருடம் இயற்கைக் காட்சிதான். அதிலும் பனி மலை என்றால் அவருக்குப் பிரியம். வெயிலும் வத்தல் நெடியுமாகக் கிடக்கிற கடையில் அதைப் பார்த்தாலாவது கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார். அதற்கு முந்தின வருடம் ஒரு கூத்து நடந்தது. எல்லாப் பிரஸ்ஸிலும் மெட்ராஸில் விற்கிற ஒரே சிடியிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். பாய் கடையில் தொங்கிய அதே மலை எதிர்க்கடையிலும் தொங்கியது.

"எங்க வீட்டு மாப்பிள்ளையும் அவங்க வீட்டு மாப்பிள்ளையும் ஒரே ஆளு மாதிரில்ல இருக்கு!" என்று பாய் முதலாளியிடம் வந்து கத்தினார். "இந்தத் தடவ எனக்குன்னு ஒரு மலை வேணும். வேற எவன்கிட்டயும் இருக்கக் கூடாது."

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்லயே ஒரு பனி மலை செஞ்சிருங்க. பாய் ஒத்துக்கிட்டாருன்னா, அவருக்கு மட்டும்னு போட்டு ஆல்பத்துல வச்சிருவோம், இந்த ரூமும் இருக்கும். இல்லேன்னா எப்பவும்போல வெளிய வாங்கிக்கிற வேண்டியதுதான். அப்புறம் உங்க ரெண்டு பேத்துக்கும் இங்க வேலை இருக்காது. கோவிச்சுக்கிடாதீக, நெலமை அப்பிடி."

ஆடிப்பெருக்கு அன்று, அந்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியே விடுவது நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அதில் இல்லாத படம் அந்த வருடம் முழுக்க இல்லாத படம். அதற்கு அதிக நாள் இல்லை. எனக்கு வெளியே என்ன வேலை கிடைக்கும் என்பதும் தெரியும். நான் குடியிருந்தது நாரணாபுரம். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட் வரும். என் தங்கை நுழைந்த மாதிரி ஒரு கேட்டுக்குள் நான் நுழைவதில்லை என்று ஐந்து பிள்ளைகள் முகத்தையும் பார்த்து முடிவு செய்திருந்தேன். ஆகவே அந்தப் பனி எனக்கு வெறும் படம் அல்ல.

இதில் ஒரே ஒரு சங்கடம். எங்களில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. நாம் பனி என்று சொல்வது மார்கழியில் தலையில் இறங்குவது. முக்காடு போட்டால் தீர்ந்தது. அது தரையில் குவியாது, கூரையில் உட்காராது. தம்பி மலையை எழுப்பினான், மரங்களை நட்டான், ஒரு மர வீட்டை வைத்தான். எல்லாவற்றின் மேலும் வெள்ளையைப் போட்டோம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பருத்தி குடோன் வெடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உண்மைதான். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அப்பியிருந்தது. பனி எப்படி உட்காரும் என்பதைக் கண்டுபிடித்தது தம்பிதான். மெஷின் ரூமில் அச்சான தாள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே ஒரு வெள்ளைப் பவுடர் தூவிக்கொண்டே இருக்குமல்லவா? அது ஜன்னல் கம்பியில், பழைய அச்சுப் பிளேட் அடுக்கில், காற்றாடி இறக்கையில் எல்லாம் படிந்து கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, இங்கன வாங்க. கம்பிக்கு மேல மட்டுந்தான் இருக்கு, பக்கத்துல ஒட்டல. ஓரம் எல்லாம் உருண்டையா முடியுது. அடியில சுத்தமா இல்ல."

அன்றைக்கே மரக்கிளைகளின் அடிப்பக்கத்திலிருந்து பனியை எடுத்தோம். கூரை ஓரத்தை உருட்டினோம். பாறையின் செங்குத்துப் பக்கத்தைக் கறுப்பாகவே விட்டோம். பருத்தி போய் வேறு ஏதோ வந்தது. அது பனியா என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் பருத்தி இல்லை.

பாயை வரவழைத்துத் திரையில் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"மலை நல்லாருக்கு. வீடு நல்லாருக்கு. ஆனா தம்பி, இந்த வெயிலுக்குப் பனி எப்பிடி நிக்கும்?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சூரியனை நட்ட நடு உச்சியில் வைத்திருந்தோம். நமக்குத் தெரிந்த சூரியன் அதுதானே? மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. தம்பி அவர் கண் முன்னாலேயே சூரியனைக் கீழே இறக்கினான். நிழல் எல்லாம் நீண்டு சாய்ந்தது. பாய்க்கு அது வேடிக்கையாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் சாய்ங்க... ஆங், அங்க நிறுத்துங்க" என்று சூரியனுக்கே உத்தரவு போட்டார்.

பிறகு அந்த மர வீட்டின் மேல் விரலை வைத்தார். "ஆள் நடமாட்டமே இல்லாத வீடு மாதிரி இருக்குதேம்மா" என்றார்.

"நீங்கதான உருவம் வேண்டாம்னீக, பாய்?"

"ஆள் வேண்டாம். ஆள் நடந்த அடி இருக்கலாம்ல? வீட்டுக்குள்ள வாற மாதிரி வை. வெளிய போற மாதிரி வச்சிராத, நான் யாவாரி."

அதை நான்தான் போட்டேன், உடனே, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. பாதையின் வளைவிலிருந்து வீட்டு வாசல் வரை அழகாக, ஒன்று விட்டு ஒன்று. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து மாவில் எத்தனை பாதம் வரைந்திருப்பேன்! கை தானாகப் போயிற்று. போட்டு முடித்துப் பெருமையாகத் திரும்பினேன். பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, அம்புட்டுக் குளுருல செருப்பில்லாம போற அந்த மவராசன் யாரு? அஞ்சு விரலும் தெரியுதே!"

தம்பி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? விரலை எல்லாம் எடுத்துவிட்டு பூட்ஸ் கால் போட்டேன். பாய் ஒவ்வொரு அடியாக விரலால் தொட்டுத் தொட்டு வாசல் வரைக்கும் போனார். "இப்பத்தான் வீட்டுக்கு ஆள் வந்திருக்கு" என்றார். மெஷினில் ஓடும்போது வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது நிழல்தான். கறுப்பில் போட்டால் பனியில் கரி கொட்டிய மாதிரி இருந்தது. நிழலுக்கு நீலம் கொடுக்க வேண்டும் என்று தம்பி சொன்னான். வெயில் படாத இடத்தில் வானத்தின் வெளிச்சம்தான் விழும், அதனால் நீலமாகத் தெரியும் என்று அவன் படித்திருந்தான். என் கண் ஒத்துக்கொள்ள மறுத்தது. வெள்ளையில் நீலமா? வீட்டுக்குப் போனதும் கொடியில் காய்ந்த வேட்டியின் நிழல் பக்கத்தைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. மறுநாள் அவன் நிழல்களை நீலமாக்கினான், நான் ஒவ்வொரு அடியின் குழிக்குள்ளும் அதைத் தொட்டு வைத்தேன். படம் திரையில் எழுந்து நின்றது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

ஆல்பத்துக்கு அச்சடிக்கிற அன்று பாய் நேராக மெஷின் ரூமுக்குப் போய்விட்டார். நானும் தம்பியும் பின்னால் ஓடினோம். மெஷின் ஓட்டுகிற அண்ணாச்சி அந்தப் பிரஸ்ஸிலேயே பெரிய கை. மெஷின் சத்தத்தை வைத்தே மை கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். படம் வேண்டாத இடத்தில் மை லேசாக ஏறினால் தாளில் ஒரு மங்கல் விழும். எந்த மெஷின்காரருக்கும் அது மானப் பிரச்சினை. அண்ணாச்சி அதைக் கண்டால் பிளேட்டைத் துடைத்து, மையைக் குறைத்து, தாளைப் பால் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

நாங்கள் போகும்போது அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்க பனியில என்னமோ நீல அழுக்கு ஏறிக்கிட்டே இருந்துச்சு தாயி. படாத பாடு பட்டுட்டேன். இப்ப பாருங்க, ஒரு பொட்டுக் கெடையாது."

தாளை எடுத்துப் பாய் கையில் கொடுத்தார். பளீரென்று வெள்ளை. பாய் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! பனின்னா இதுல்ல பனி. என்னா வெள்ளை! பேனாவக் குடுங்க."

முதலாளி பேனாவை எடுத்துவிட்டார். தம்பி என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவன் மனதில் ஓடியது எனக்குத் தெரியும், என் மனதிலும் அதுதான் ஓடியது. கையெழுத்து விழுந்தால் அறை இருக்கும், வேலை இருக்கும். வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறது, முதலாளிக்குப் பிடித்திருக்கிறது, அண்ணாச்சிக்குப் பெருமை. யார் வாயைத் திறக்க வேண்டும், எதற்காக?

ஆனால் என் கண் அந்தத் தாளை விட்டு நகரவில்லை. டச்சிங் பழகிய கண் முதலில் அதைப் பார்த்து மகிழ்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், அத்தனை சுத்தம். பிறகுதான் வாசல் பக்கம் தேடினேன். அங்கே எதுவும் இல்லை. அடி என்பது என்ன? பனியில் ஒரு குழி, குழிக்குள் ஒரு நிழல். நிழலைத் துடைத்தால் குழி இல்லை. அண்ணாச்சி அழுக்கைத் துடைக்கவில்லை, அந்த மனிதனைத் துடைத்துவிட்டிருந்தார். வீடு ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் ஒட்டிவைத்த மாதிரி தனியாக நின்றது.

இதை இப்போது சொல்லாவிட்டால், ஆல்பம் வெளியான பிறகு பாய் வீட்டில் உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். அன்றைக்கு அடியைத் தேடினால் என்ன சொல்வது? அப்போது போகிற வேலை இப்போதே போனாலும் ஒன்றுதான். இல்லை, அவர் தேடாமலே போகலாம். அந்த யோசனையும் வந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"பாய், ஒரு நிமிசம்" என்றேன். "ஆள் எங்க?"

"என்ன ஆளு? நான்தான் ஆள் வேண்டாம்னேனே."

"அவரு நடந்து வந்த அடி?"

பாய் பேனாவைப் பிடித்தபடியே குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். விரல் பாதையின் வளைவில் வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து அதற்குப் போக வழியில்லை.

முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த வார்த்தை வந்திருக்காது. "அண்ணாச்சி, நீங்க எடுத்தது அழுக்கில்ல. அது நாங்க வச்சது. மறுபடியும் ஏத்திக் காட்டுங்க" என்றேன்.

"வெள்ளையில நீலம் வேணும்னே கேக்கீகளா? ஊரு சிரிக்கும், தாயி."

"சிரிக்கட்டும். ஏத்துங்க."

அவருக்குக் கோபம். நீல மையைக் கூட்டுகிற திருகை ஒரே முறுக்காக முறுக்கினார். அடுத்து வந்த தாளில் பனி முழுக்க நீலம். அடி எல்லாம் இருந்தது, கூடவே மலையே ஊதாவாக இருந்தது. பாய் அதைத் தள்ளிப் பிடித்தார்.

"இது என்னம்மா, சாயப்பட்டறையா?"

எனக்கும் வேகம் ஏறிவிட்டது. "பாய், நீங்க போட்டிருக்க சட்டைக்கு வீட்டுல நீலம் போடுறாகளா இல்லையா? நீலம் போடாத சட்டைய மாட்டிக்கிட்டுக் கடையில உக்காருவீகளா?"

பாய் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

"போடுவாக. ஆனா போட்டது தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கு எங்க வீட்டுல சண்டை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சியும்தான். சிரிப்பில் என் கோபம் இறங்கியது. அவர் சொன்னதுதான் சரி என்று புரிந்தது. நான் அதுவரை நீலம் வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன், எவ்வளவு என்று நினைக்கவில்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்க பாய், எங்க நிறுத்தன்னு" என்றேன்.

பாய் அந்த அறையின் கடைசிக்குப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். காலண்டரை யாரும் கையில் வைத்துப் பார்க்கப் போவதில்லையே, கல்லாவிலிருந்து பார்ப்பார்கள். அண்ணாச்சி திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வருகிற தாளை எல்லாம் தம்பி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தான். "இன்னும்", "இன்னும்", "ம்ஹூம், அடி போயிருச்சு, திரும்ப விடுங்க". சூரியனைச் சாய்த்த அதே குரல். அண்ணாச்சியும் இப்போது திருகை நகத்தால் தட்டுகிற மாதிரிதான் நகர்த்தினார். அந்தக் கைக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியும். அதுவரை யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை.

ஒரு தாளைக் கண்டதும் பாய் சுவரை விட்டு நகர்ந்தார். அவர் நடந்து வந்தார், வந்துகொண்டே பார்த்தார். பனி வெள்ளையாக இருந்தது. நீலம் எங்கே என்று கேட்டால் காட்ட முடியாது. ஆனால் பாதையில் ஓர் ஆள் நடந்து போயிருந்தான். பாய் விரலை வளைவில் வைத்து, அடி அடியாக, வாசல் வரை கொண்டு போனார்.

"உள்ள போயிட்டாரு" என்றார். கையெழுத்தைப் போட்டார்.

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். பாராட்டி ஒரு வார்த்தை கிடையாது, அவர் அப்படிப்பட்ட மனிதர். போகிற போக்கில், "யக்கா, நாளைக்குச் சீக்கிரம் வந்துருங்க. அடுத்த பக்கத்துக்கு அருவி ஒண்ணு செய்யணும்" என்றார். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த தாளால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாத் தடவையும் வாயைத் திறந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஒரு தடவை நான் மெஷினை நிறுத்தச் சொல்லி, வாடிக்கையாளர் கேட்டதே அந்த நிறம்தான் என்று தெரிந்து, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். "என்னமோ சரியில்லை" என்று மட்டும் தோன்றினால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். "இங்கே இருந்தது, இப்போது இல்லை" என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தால், யார் பேனாவைத் திறந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அன்றைக்கு நான் பாதி சரி. மீதிப் பாதி பாயின் சட்டையில் இருந்தது.

இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்குக்குப் பனி பெய்கிறது என்கிறார்கள். பெய்யட்டும். எது அழுக்கு, எது நிழல் என்று அது உங்களிடம்தான் கேட்கும்.

போதும். எங்கே தாயி, நீ எழுதினதை மொதல்ல இருந்து வாசி. என் பேச்சை எழுத்துத் தமிழா மாத்திக்கிட்டேன்னு சொன்ன, சரி, அது ஒன் படிப்பு. பாய் பேசுன எடத்துல மட்டும் நீயா எதையும் சுத்தம் பண்ணியிருக்கக் கூடாது. மெதுவா வாசி, நான் கண்ண மூடிக்கிட்டுக் கேக்கேன்.